பதினோரு மணி எண்பத்தைந்து நிமிடம்

ஆறு மணி அடித்தால் நான் சாவியோடு படியில் நிற்பேன். பிஸெர்த் ஊரில் எங்கள் கார்தரிக்குப் பிள்ளையை அனுப்பும் எந்தத் தாயைக் கேட்டாலும் முதலில் என் சாவிக்கொத்தைப் பற்றித்தான் சொல்வாள், பிறகுதான் என் பெயர் நஜ்வா என்பாள். பள்ளி விட்ட பிள்ளைகளைப் பெற்றோர் வரும்வரை வைத்திருந்து, சாப்பிடக் கொடுத்து, வீட்டுப்பாடம் எழுத வைக்கும் இடம் எங்களுடையது. ஐந்து நிமிடம் தாமதமாக வருகிறவர்களிடம் நான் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். "பாலம் தூக்கிட்டாங்க மதாம்" என்பார்கள். கப்பல் போவதற்காக எங்கள் ஊரில் பாலம் தூக்குவது உண்மைதான். ஆனால் இவர்கள் சொல்வதை நம்பினால், உலகத்துக் கப்பல் எல்லாம் சரியாக ஆறு மணிக்குத்தான் எங்கள் கால்வாய்க்குள் நுழைகிறது.

கார்தரி மதாம் ரஃபீக்காவுடையது. மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். சின்னப் பிள்ளைகள் அவரோடு ஒரு அறையில். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் என்னோடு இன்னொரு அறையில். நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவள். பட்டத்தைச் சட்டம் போட்டு அம்மா சுவரில் மாட்டினாள், பத்து வருடம் அது சுவரில்தான் வேலை பார்த்தது. ஆகவே இந்த வேலை கிடைத்தபோது இதைவிட யாரும் ஒழுங்காகச் செய்துவிடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

பெற்றோர் வாசலில் கேட்பது ஒரே கேள்விதான். "முடிச்சாச்சா?"

முடித்திருக்கும். ஏனென்றால் நான் முடித்துவிடுவேன். ஐந்தேகால் வரை பிள்ளைகள் "மதாம், மதாம்" என்று கத்துவார்கள். யார் குரல் பெரிதோ அவனிடம் ஓடுவேன். ஐந்தேகாலுக்குப் பொறுமை தீர்ந்துவிடும். கரும்பலகையில் கணக்கை நானே போட்டுவிடுவேன், எல்லாரும் பார்த்து எழுதுவார்கள். ஐந்தே முக்காலுக்குப் பைகளின் ஜிப் மூடும் சத்தம் கேட்கும். பெற்றோர் நோட்டைப் புரட்டுவார்கள், முழுப் பக்கத்தைப் பார்ப்பார்கள், என்னைக் கும்பிடாத குறையாகப் போவார்கள். மதாம் ரஃபீக்கா எனக்கு ஒருமுறை ஒரு பெட்டி பேரீச்சம்பழ மக்ரூத் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

துர்ஸாஃப் மட்டும் எழுதமாட்டாள். ஒன்பது வயது, இரட்டைப் பின்னல், விரல் முழுக்கப் பென்சில் கரி. பலகையில் விடை இருக்கும், இவள் நோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"ஏன்டி எழுதலை?"

"நான் இன்னும் அங்க வரலை மதாம்" என்பாள்.

எங்கே வரவில்லை என்று நான் கேட்டதே இல்லை. ஆறு மணிக்கு அவள் பக்கம் பாதியில் நிற்கும். அது எனக்குக் கெட்ட பெயர் என்று அவள்மேல் எரிந்து விழுவேன்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை. கடல்காற்று ஜன்னலை உடைத்துவிடுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஷாமியா என்ற எள் இனிப்பைத் தடவிய ரொட்டியைத் தின்று முடித்துக் கையைச் சட்டையில் துடைத்திருந்தார்கள். கணக்கு இதுதான்: பத்து ஐம்பதுக்குப் பிஸெர்த்திலிருந்து ரயில் புறப்படுகிறது, ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் ஓடுகிறது, துனிஸுக்கு எப்போது போய்ச் சேரும். ஐந்து இருபது ஆகிவிட்டது. ரயானுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. ஒரு கையால் அவன் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பலகையில் கூட்டினேன். விடையைச் சுற்றிக் கட்டம் போட்டேன். யாரோ ஏதோ கேட்டார்கள். "வாயை மூடிட்டு எழுது" என்றேன்.

அன்று மாலை துர்ஸாஃபின் அம்மா வஹீதா நேரத்துக்கு வந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் கார்களுக்கு வயர்க் கட்டுகள் செய்யும் ஆலையில் எட்டு வருடமாக வேலை. கணவர் தெற்கே லாரி ஓட்டுகிறார், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். நீல நிற வேலை அங்கியை மாற்றக்கூட நேரமில்லாமல் வருவாள்.

"முடிச்சாச்சா?"

"எங்க முடிக்கிறது" என்றேன். "உங்க பொண்ணு கை நகரவே மாட்டேங்குது. வீட்டுல நீங்கதான் உக்காந்து முடிக்க வைக்கணும்."

"தினம் உக்காந்துதான் இருக்கேன் மதாம். பத்து மணி வரைக்கும். அவ அழுவா, நான் கத்துவேன், கடைசில நானே சொல்லிக் கொடுத்து எழுத வைப்பேன்." நோட்டை மூடிப் பையில் வைத்தாள். "ஆலையில என்னை லைன் தலைவியா போடறேன்னு சொல்லியிருக்காங்க. முப்பது பொண்ணுங்களுக்கு. ஆனா தினம் அரை மணி கூட இருந்து அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைச்சிட்டு வரணும். வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். இவளோட நோட்டை யார் பாக்குறது? நீங்க சொல்றதும் அதைத்தானே."

"ஆமா" என்றேன்.

அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். அவள் எட்டு வருட உழைப்பை ஒரு வார்த்தையில் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டுச் சாவியை ஆட்டினேன். இதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

மறுநாள் பிள்ளைகள் படியேறும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்கள். ரயான் நோட்டை என் முன்னால் விரித்தான். பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் பள்ளி ஆசிரியர் சீ ஹேதி (எங்கள் ஊரில் 'சீ' என்றால் 'ஐயா') எழுதியிருந்தார்: "பதினோரு மணி எண்பத்தைந்து நிமிடத்துக்குப் போய்ச் சேரும் இந்த ரயிலில் நானும் ஏற ஆசைப்படுகிறேன். டிக்கெட் எங்கே கிடைக்கும்? கார்தரி மதாமுக்கு என் வணக்கம்."

அடுத்த நோட்டிலும் அதே. அதற்கடுத்ததிலும். பதினொரு நோட்டு, பதினொரு ரயில், எல்லாம் ஒரே நேரத்துக்குத் துனிஸ் போய்ச் சேர்ந்திருந்தன. நான் போட்ட கூட்டல். மணியையும் நிமிடத்தையும் சாதாரண எண்போல் கூட்டியிருக்கிறேன். அதைவிட மோசம், பதினொரு பிள்ளைகளில் ஒருவனுக்குக்கூட அது உறுத்தவில்லை. அவர்கள் என் அறையில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கப் பழகியிருந்தார்கள்.

பன்னிரண்டாவது நோட்டை நானே போய் எடுத்தேன். துர்ஸாஃப் பக்கத்து ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருந்தாள். பத்து ஐம்பதிலிருந்து பத்துக் கோடு, பதினொன்று. அப்புறம் ஒரு மணி நேரம், பன்னிரண்டு. முந்தின இரவு வஹீதா நோட்டைத் திறக்கவே இல்லை போலும், அங்கேயே பக்கம் நின்றிருந்தது. மிச்சம் இருபத்தைந்து நிமிடம் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் நான் பையைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். சிவப்பு மையில் ஒரு சரிக்குறி. கீழே, "வழி சரி. மெதுவாக முடி."

"தப்புன்னு உனக்குத் தெரிஞ்சா நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். அப்போதும் கோபம் அவள்மேல்தான் போயிற்று பாருங்கள்.

"சொன்னேன் மதாம். கடிகாரத்துல எண்பத்தஞ்சு நிமிஷம் இல்லையேன்னு கேட்டேன்." அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. "நீங்க வாயை மூடிட்டு எழுதுன்னு சொன்னீங்க."

அன்று மாலை யாரும் தாமதமாக வரவில்லை. கப்பல்களுக்கு விடுமுறை போலும். படி முழுக்கப் பெற்றோர். ரயானின் அப்பா சாதிக், மீன்பிடிப் படகு வைத்திருப்பவர், முன்னால் நின்றார்.

"என்ன மதாம், ஊர்க் கடிகாரத்தையே மாத்திட்டீங்களாமே. எங்களுக்கும் சொல்லியிருந்தா வலை போட எழுந்திருக்கிற நேரத்தை மாத்தியிருப்போம்ல."

சிலர் சிரித்தார்கள். சிலருக்குச் சிரிப்பு வரவில்லை. மதாம் ரஃபீக்கா என் காதோரம் குனிந்தார். "பசங்க பலகையைத் தப்பா பாத்து எழுதிட்டாங்கன்னு சொல்லிடு. விஷயம் முடிஞ்சிடும்."

முடிந்திருக்கும். பதினொரு பேரும் ஒரேமாதிரி தப்பாகப் பார்த்தார்கள் என்று சொன்னால்கூட நம்பியிருப்பார்கள், நம்பத்தான் அவர்களுக்கு ஆசை. ஆனால் கூட்டத்தின் கடைசியில் வஹீதா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். துர்ஸாஃப் அவள் அங்கியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நான்தான் தப்பா போட்டேன்" என்றேன். "அதைப் பாத்து எல்லாரும் எழுதினாங்க. நேத்து மட்டும் இல்லை, ரெண்டு வருஷமா அப்படித்தான் நடக்குது. உங்க பசங்க நோட்டு நிறைஞ்சிருக்கறது என் வேலை. நேத்து இந்த அறையில வீட்டுப்பாடம் செஞ்சது ஒரே ஆள், துர்ஸாஃப். அவளைத்தான் நான் சரியில்லைன்னு சொல்லிட்டிருந்தேன்."

மதாம் ரஃபீக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஒரு தாய் தன் இரட்டைப் பிள்ளைகளின் கையைப் பிடித்து, "நாளைலேருந்து வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எல்லாரும் போன பிறகும் வஹீதா போகவில்லை. ஆறு பத்து ஆகியிருந்தது. சாவி என் பையிலேயே கிடந்தது.

"உள்ள வந்து பாக்கலாமா?" என்றாள்.

அறையைச் சுற்றி வந்தாள். மேஜைகளைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு அழிப்பான் என்று கிடந்ததைப் பார்த்தாள். "கத்துறவன்கிட்டதான் முதல்ல போவீங்களா?"

"ஆமா."

"அப்போ கத்தத்தான் கத்துப்பாங்க. எங்க லைனை இப்படி நடத்தினா ஒரு கார் கூட வீதிக்கு வராது மதாம்." கிண்டல்தான், ஆனால் உட்கார்ந்துவிட்டாள், பிள்ளைகளின் சின்ன நாற்காலியில், முழங்கால் மேஜையில் இடிக்க. "எங்ககிட்ட ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டா மஞ்சள் அட்டையை எடுத்து முன்னாடி நிறுத்தி வைப்பா. கத்தக் கூடாது. சும்மாவும் உக்காரக் கூடாது, ஆள் வர்ற வரைக்கும் தெரிஞ்ச வேலையைப் பாக்கணும். நான் போய் பக்கத்துல நிப்பேன். எதுவரைக்கும் வந்தேன்னு கேப்பேன். அவ சொல்லிட்டு இருக்கும்போதே பாதி நேரம் அவளுக்கே புரிஞ்சிடும். புரியலைன்னா வேற வயர்ல செஞ்சு காமிப்பேன். ஆனா அவ வயரை மட்டும் தொடமாட்டேன்."

"ஏன்?"

"தொட்டா அது என் வயர் ஆயிடும். சோதனையில விளக்கு எரியலைன்னா தப்பு எங்கன்னு யாருக்கும் தெரியாது." கையைப் பின்னால் கட்டிக் காட்டினாள். "புதுசா வர்ற தலைவிகளுக்கு இதுதான் கஷ்டம். கை தானா போகும். அதனால இப்படி நிக்கணும்."

அவள் பேசும்போது முகம் வேறாகிவிட்டது. வாசலில் தினம் நான் பார்த்த களைத்த பெண் இல்லை. முப்பது பேரை நடத்தத் தெரிந்தவள். இவளைத்தான் பத்து மணி வரை நோட்டோடு உட்கார வைக்கப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை பதிலைத் தள்ளிப் போட முடியுமா?" என்றேன். "ரெண்டு வாரம். நீங்க சொன்ன மாதிரி நடத்திப் பாக்குறேன். ராத்திரி இவளோட நோட்டை நீங்க திறக்கவே வேண்டாம்னு ஆகணும். ஆகலைன்னா உங்க இஷ்டம்."

"முடிக்காம போனா சீ ஹேதி திட்டுவாரே."

"அவரை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை பள்ளி வாசலில் சீ ஹேதியைப் பிடித்தேன். கழுத்தில் மூன்று சுற்றுச் சால்வை. "ரயில் மதாம் வந்திருக்காங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். வாங்கிக்கொண்டேன், வாங்க வேண்டியதுதான். பிள்ளை தானே செய்தது எதுவரை என்று கோடு போட்டு நான் கையெழுத்திடுகிறேன், அதற்குமேல் வீட்டில் எழுத வைக்க வேண்டாம், ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்டேன்.

அவர் சிரிப்பதை நிறுத்தினார். "எனக்கு முழுப் பக்கம் எதுக்கு மதாம்? இவன் எங்க மாட்டிக்கிட்டான்னு தெரிஞ்சா நான் காலையில அங்கேயிருந்து ஆரம்பிப்பேன். நீங்க எல்லாரும் சேர்ந்து அந்த இடத்தைத்தான் தினம் அழிச்சு அனுப்பறீங்க." பிறகு கை கொடுத்தார். அந்த மனிதர் என்னைத் தலைமை ஆசிரியரிடம் இழுத்துப் போயிருக்கலாம். அதற்குப் பதிலாக எனக்கு ஒரு வழியைக் கையில் கொடுத்தார்.

முதல் நாள் நாசம். பால் பெட்டி அட்டையை வெட்டி மஞ்சள் தாள் ஒட்டி மிச்சமிருந்த பத்துப் பேருக்கும் கொடுத்தேன். இரண்டே நிமிடத்தில் பத்து அட்டையும் நின்றது. ரயான் தன்னுடையதைத் தலையில் செருகிக்கொண்டான். ஒவ்வொருவரிடமும் "எதுவரைக்கும் வந்தே?" என்று கேட்டேன், பேந்தப் பேந்த விழித்தார்கள். எங்கேயும் வந்திருக்கவில்லை, பலகைக்காகக் காத்திருந்தார்கள். என் கை சுண்ணாம்புக் கட்டிக்குத் துடித்தது. பின்னால் கட்டிக்கொண்டேன். மதாம் ரஃபீக்கா எட்டிப் பார்த்து, "கையில அடிபட்டுடுச்சா?" என்றார்.

ஆறு மணிக்கு ஒரு பக்கம்கூட முழுதாக இல்லை. ஒவ்வொன்றிலும் கோடு போட்டு எழுதினேன்: "இதுவரை தானே செய்தது." வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: "முடிச்சாச்சா என்று கேட்காதீர்கள். எங்கே மாட்டிக்கொண்டாய் என்று கேளுங்கள்." சாதிக் அதைப் படித்துவிட்டு, "நான் தினம் உங்க படியிலதான் மாட்டிக்கிறேன்" என்றார். ஆனாலும் மகனிடம் கேட்டார். ரயான் சொல்லத் தொடங்கியவன் தெரு முனை வரை சொல்லிக்கொண்டே போனான்.

அடுத்த நாள் சாப்பிட்டதும் ஒவ்வொருவரும் முதலில் என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். அதுவும் வஹீதா ஒரு மாலை வாசலில் சொன்னதுதான். நாலாம் நாள் அட்டைகள் ஆறாகக் குறைந்தன. எட்டாம் நாள் மூன்று. ஒரு மாலை அறையில் பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பயந்துபோய் எல்லாரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தேன். துர்ஸாஃப் மெதுவாகத்தான் போனாள். ஆனால் இப்போது எல்லாரும் மெதுவாகப் போனதால் அவள் பின்தங்கியவளாகத் தெரியவில்லை.

வஹீதா பதில் சொல்வதாகத் தள்ளிப் போட்ட வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு மூன்று கணக்கு. துர்ஸாஃப் இரண்டு முடித்திருந்தாள். மூன்றாவதில் கை வைக்கவே இல்லை. கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். இன்றைக்குப் பார்த்து ஒரு முழுப் பக்கம் கொடுக்கக் கூடாதா என்று பழைய நஜ்வா உள்ளே முணுமுணுத்தாள். ஒரு கணம் சுண்ணாம்புக் கட்டியைப் பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது வஹீதா மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். நோட்டை வாங்கினாள். பாதிப் பக்கத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள்.

"எங்க மாட்டிக்கிட்ட, கண்ணு?"

"நான் மாட்டிக்கலைம்மா. ரயான் மஞ்சள் வச்சான். மதாம் வேற ஆள்கிட்ட இருந்தாங்க. அதனால நான் போய் அவன் பக்கத்துல நின்னேன்." துர்ஸாஃப் இரண்டு கையையும் பின்னால் கட்டிக் காட்டினாள், அப்படியே அம்மா அன்று காட்டின மாதிரி. "அவன் பென்சிலை நான் தொடவே இல்லை. எதுவரைக்கும் வந்தேன்னு மட்டும் கேட்டேன். அவனே போட்டுட்டான். அதுலதான் என் நேரம் போயிடுச்சு."

வஹீதா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அங்கிக் கையால் கண்ணைத் துடைத்தாள். என் கண்ணும் சும்மா இல்லை. நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அறைக்காக, அட்டைக்காக, கையைக் கட்டக் கற்றுக் கொடுத்ததற்காக. அவள் முந்திக்கொண்டாள்.

"மத்தியானமே போய் சம்மதம்னு சொல்லிட்டு வந்துட்டேன் மதாம். சொன்ன பிறகுதான் உங்க ஞாபகம் வந்தது, பகீர்னு ஆயிடுச்சு. திங்கட்கிழமைலேருந்து என்னால ஆறரைக்குத்தான் வர முடியும். நீங்க ஆறுக்கே பூட்டிடுவீங்களே."

கீழே ஒரு தாய் ஓடி வரும் சத்தம் கேட்டது, "பாலம் தூக்கிட்டாங்க மதாம், பாலம்" என்றபடி. நான் சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டேன்.

"ஆறரைக்கே வாங்க" என்றேன். "பாலம் தூக்கினா ஏழுக்கு வாங்க. நானும் உங்க பொண்ணும் அந்த மூணாவது கணக்கைப் பாத்துட்டு இருப்போம்."